வயசாயிடுச்சுங்கிறது நோய்க்குப் பேரு இல்ல

1/
இன்னைக்கு நவம்பர் 16. சாயங்காலம் எங்க மன்னார்குடி ஹரித்ராநதி தெப்பக்குளத்துக் கரையில ஒரு பிறந்த நாள் விழாவுக்குப் போகணும். விழா நாயகனுக்கு உத்தேசமா 11 வயசு. பேரு கஜா. செவலை நிறத்துல ஒரு நாட்டு நாய். இடது காது நுனி கொஞ்சம் கிழிஞ்சிருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி வயசான செல்லப் பிராணிகளைப் பத்தி உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நீளமான இழைதான். வீட்ல நாயோ பூனையோ மாடோ இருந்தா பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

2/
முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குற பொது மருத்துவர், கால்நடை மருத்துவர் இல்ல. அதனால இதுல மருந்துப் பேரு, அளவு எதையும் எதிர்பார்க்காதீங்க. சிகிச்சைக்கு உங்க ஊரு கால்நடை மருத்துவர்கிட்டதான் போகணும்.

இதுல வர்ற டீச்சரம்மாவோட அனுமதியோடதான் எழுதுறேன். அவங்க யாருன்னு தெரிஞ்சிடக்கூடிய சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

3/
2023 நவம்பர் முதல் வாரம். டீச்சரம்மா கிளினிக்குக்கு வந்தாங்க. வயசு 74. கணவர் இல்ல. ஒரே பையன் வெளிநாட்டுல. சுகர், பிரஷருக்காக என்கிட்ட பல வருஷமா வர்றவங்க.

அன்னைக்கு ரெண்டு கால்லயும் வீக்கம். கட்டை விரலால அழுத்தினா குழி விழுது. ராத்திரி மூணு தலையணை வெச்சாதான் தூக்கம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு டீச்சர்?"

"ரெண்டு மாசமா இருக்கு தம்பி. வயசாயிடுச்சுல்ல, அதான்னு விட்டுட்டேன்."

4/
இதயச் செயலிழப்பு. இதயம் ரத்தத்தைப் போதுமான அளவுக்கு பம்ப் பண்ண முடியாம, உடம்புல தண்ணி தேங்கிப்போற நிலை. நுரையீரல் அடியில கிரக் கிரக்னு சத்தம் கேக்குது. ஆஸ்பத்திரியில சேர்ந்தே ஆகணும்னு சொன்னேன். வயசு வயசுன்னு ரெண்டு மாசம் வீட்டுலயே இருந்துட்டீங்களேன்னு கொஞ்சம் திட்டவும் செஞ்சேன்.

"அட்மிஷன் எல்லாம் முடியாது தம்பி. மாத்திரையா எழுதிக் குடுங்க. கஜாவை யாரு பாத்துக்குவா?"

பேரன்னு நினைச்சு, "கஜா யாரு டீச்சர்?"னு கேட்டேன்.

"எங்க வீட்டு நாய்."

5/
எனக்கு வந்ததே கோவம். "உங்க உயிர் முக்கியமா, நாய் முக்கியமா?"ன்னு கேட்டுட்டேன்.

30 வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல இருந்தவங்க. வீட்டுப்பாடம் எழுதாம வந்த பையனைப் பாக்குற மாதிரி என்னைப் பார்த்தாங்க. "நான் திரும்பி வர்ற வரைக்கும் அது வாசல்லயே சாப்பிடாமக் கிடக்கும் தம்பி. எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாங்க. பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டாங்க.

6/
அன்னைக்கு நிலைமையைக் காப்பாத்தினது நான் இல்ல, எங்க கம்பவுண்டர் தம்பி. "டீச்சர், சாவியைக் குடுங்க. ரெண்டு வேளையும் நான் போய் சோறு வெச்சிட்டு வர்றேன்"னான்.

"புது ஆளுன்னா உறுமும்ப்பா. கடிச்சி வெச்சிடப்போவுது."

"கடிச்சா ஊசி போட்டுக்கிறேன் டீச்சர். வேலை பாக்குறதே இங்கதானே."

டீச்சரம்மா சிரிச்சாங்க. அட்மிட் ஆனாங்க. அஞ்சு நாள். சிறுநீர் போறதுக்கான மருந்துலயே கிட்டத்தட்ட 6 கிலோ குறைஞ்சது. அத்தனையும் தேங்கியிருந்த தண்ணி. தினம் சாயங்காலம் வீடியோ கால்ல கஜா முகத்தைப் பார்த்த பிறகுதான் அவங்க சாப்பாட்டுத் தட்டு காலியாகும்.

7/
யோசிச்சுப் பார்த்தா இது புதுசே இல்ல. "கறவை மாடு நிக்குது டாக்டர், நாளைக்கு வந்து படுத்துக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனவங்களை நம்ம டெல்டா டாக்டர்கள் எல்லாருமே பார்த்திருப்போம். அவங்கள்ல சில பேர் மறுநாள் வர்றதில்ல.

2005ல அமெரிக்காவுல கத்ரீனா புயல் வந்தப்ப, செல்லப் பிராணிகளை விட்டுட்டு வர மாட்டோம்னு வீட்டுலயே தங்கிட்டவங்க ஏராளம். அதைப் பார்த்துதான் பேரிடர் நேரத்துல பிராணிகளையும் சேர்த்து வெளியேத்துறதுக்குத் திட்டம் இருக்கணும்னு 2006ல அங்க சட்டமே போட்டாங்க.

இப்ப என் கேஸ் ஷீட்டுல ஒரு கேள்வி கூடுதலா இருக்கு. 'வீட்ல யாரு இருக்காங்க?'ங்கிறதுக்குக் கீழ, 'நாய், பூனை, ஆடு, மாடு ஏதாவது இருக்கா? நீங்க இல்லன்னா யாரு பாத்துக்குவா?'

8/
டிஸ்சார்ஜ் ஆகும்போது டீச்சரம்மா சொன்னாங்க: "16ஆம் தேதி வீட்டுக்கு வந்துடுங்க தம்பி. கஜாவுக்குப் பொறந்த நாள்."

தெரு நாய்க்கு ஏது பிறந்த தேதி?

2018 நவம்பர் 16 அதிகாலை. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கஜா புயல் கரையைக் கடந்த நாள். எங்க பக்கத்துக்காரங்க யாரும் அந்த ராத்திரியை மறக்க மாட்டாங்க. பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, மன்னார்குடின்னு எல்லாப் பக்கமும் தென்னை வரிசை வரிசையா சாஞ்சு கிடந்தது. கரண்ட் வர எத்தனையோ நாளாச்சு.

விடிஞ்சு டீச்சரம்மா கதவைத் திறந்தப்ப, திண்ணையில விழுந்து கிடந்த தென்னை மட்டைக்கு அடியில நடுங்கிக்கிட்டுப் படுத்திருந்ததுதான் இது.

9/
கஜான்னா யானை. புயலுக்கு அந்தப் பேரைக் கொடுத்தது இலங்கை. டீச்சரம்மா அதையே நாய்க்கு வெச்சுட்டாங்க. பல்லைப் பார்த்துட்டு, அப்பவே அதுக்கு 4 வயசு இருக்கலாம்னு கால்நடை மருத்துவர் சொன்னாராம்.

"பொறந்த தேதி தெரியாது. வந்த தேதி தெரியுமே, அது போதாதா?"ங்கிறாங்க.

போதும்தான். போர்ச்சுக்கல்ல பாபின்னு ஒரு நாய். 2023 மே மாசம் அதுக்கு 31ஆவது பிறந்த நாள்னு ஊரைக் கூட்டி விழா எடுத்தாங்க. நூறு பேருக்கு மேல வந்தாங்க. அந்த அக்டோபர்ல அது செத்துப்போச்சு. பிறந்த வருஷத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லன்னு 2024ல கின்னஸ், உலகிலேயே வயதான நாய்ங்கிற பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. சாதனைப் புத்தகத்துக்குத் தேதி வேணும். கூட இருக்கிறவங்களுக்கு ஒரு நாள் இருந்தா போதும்.

10/
போனேன். தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேரு. திண்ணையில பாய் விரிச்சிருந்தது. கஜாவுக்கு உப்பு போடாம வேக வெச்ச கோழி, கொஞ்சம் தயிர் சாதம். பிள்ளைங்களுக்குக் கேசரி.

எல்லாரும் கூப்பிட்டும் கஜா எழுந்திருக்க நேரமாச்சு. முன்னங்காலை ஊன்றி, ஒரு தடவை தோத்து, ரெண்டாவது தடவைதான் எழுந்துச்சு. பின்னங்காலை லேசா இழுத்துக்கிட்டே வந்துச்சு. திண்ணைக்கு மூணு படி. மூணாவது படியில ஏற முடியாம நின்னுடுச்சு.

நான் தலையைத் தடவிக் கொடுத்து, "பாவம், வயசாயிடுச்சு இல்ல டீச்சர்"னேன்.

"ஏன் தம்பி, இதையேதானே அன்னைக்கு நான் சொன்னேன். என்னைத் திட்டினீங்களே?"

11/
எனக்குப் பதில் வரல.

தினமும் கிளினிக்ல நான் சண்டை போடுறதே இந்த ஒரு வார்த்தையோடதான். தாத்தா நடக்க மாட்டேங்கிறார், வயசாயிடுச்சு. பாட்டி சரியா சாப்பிடுறதில்ல, வயசாயிடுச்சு. அப்பா குழப்பமா பேசுறார், வயசாயிடுச்சு. நோண்டிப் பார்த்தா மூட்டுத் தேய்மானமோ, தைராய்டோ, சோடியம் குறைஞ்சதோ, சிறுநீர்த் தொற்றோ இருக்கும். பாதிக்கு மேல சரி பண்ணக்கூடியதாவே இருக்கும்.

வயசுங்கிறது நோய் வர்றதுக்கான வாய்ப்பைக் கூட்டும். அதுவே நோய் இல்ல. இதை ஊருக்கெல்லாம் சொல்ற நான், ஒரு நாய்னதும் அதே வார்த்தையைச் சொல்லிட்டு வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தேன்.

12/
எங்களுக்குப் பக்கத்துல ஒரத்தநாட்டுல 2012ல இருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அந்த வாரமே ஒரு கார்ல கஜா, டீச்சரம்மா, கம்பவுண்டர் தம்பி, நான் நாலு பேரும் போனோம்.

ரெண்டு இடுப்பு மூட்டுலயும் தேய்மானம். எடை 3 கிலோ அதிகம். இதோட, கடைவாய்ப் பல் ஒண்ணு வேர் வரைக்கும் சொத்தையாகி சீழ் வெச்சிருந்தது. "ஒரு பக்கமாவே மெல்லுதுன்னு நான் பார்த்தேன் சார்"னான் கம்பவுண்டர் தம்பி. பார்த்தவன் அவன். என்கிட்ட சொல்லணும்னு அவனுக்குத் தோணல, ஏன்னா அவனும் வயசுன்னுதான் நினைச்சான்.

பல்லை எடுத்தாங்க. மூட்டு வலிக்கு மருந்து ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டைக் குறைச்சாங்க. பொங்கலுக்கு நான் போனப்ப கஜா மூணாவது படியில ஏறி உட்கார்ந்திருந்தது.

13/
வயசான பிராணியைப் பாத்துக்கிறதுன்னா என்னன்னு நம்ம ஊருக்கு ஒண்ணும் தெரியாம இல்ல. கோயில் யானைகளைப் பாருங்க.

எங்க ராஜகோபாலசுவாமி கோயில் செங்கமலத்தை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நெத்தியில பாப் கட்டிங் முடியோட 2020ல இணையம் பூரா சுத்தி வந்த யானை. 2003ல கேரளாவுல இருந்து வந்தவ. அவ முடியைத் தினம் கழுவி, சீவி விடுறது பாகன்தான். வெயில் காலத்துல குளிக்கத் தனி ஷவரே இருக்கு. திருவானைக்காவல்ல யானை அகிலாவுக்கு 2022 மே மாசம் 20ஆவது பிறந்த நாள் கொண்டாடினாங்க.

14/
இவங்க எல்லாம் இளசுங்க. வயசான யானைக்கு உதாரணம் நெல்லையப்பர் கோயில் காந்திமதி. மூட்டு வலி. கால்நடை மருத்துவர்கள் சொன்னபடி எடையைக் குறைக்க வெச்சாங்க. நடக்கும்போது கால் வலிக்கக் கூடாதுன்னு 2022ல பக்தர்கள் தோல் செருப்பு செஞ்சு போட்டாங்க. 2025 ஜனவரியில ஒருநாள் படுத்தவ, எழுந்திருக்க முடியல. கிரேன் வெச்சுத் தூக்கியும் நிக்க முடியாம இறந்துட்டா. வயசு 56.

யானைக்கு வாழ்நாள்ல ஆறு செட் கடைவாய்ப் பல். ஒண்ணு தேய்ஞ்சா பின்னாலேருந்து அடுத்தது நகர்ந்து வரும். கடைசி செட்டும் 60 வயசுக்கு மேல தேய்ஞ்சுபோச்சுன்னா மெல்ல முடியாது. காட்டுல பல கிழட்டு யானைகளோட முடிவு பட்டினிதான். கூட ஆள் இருக்கிற யானைக்கு அரிஞ்சு, குழைச்சுக் கொடுக்க ஒருத்தர் இருப்பார். எடையும் செருப்பும் குழைச்ச சோறும்னு, வயசான உயிரைப் பாத்துக்கிறது பெரும்பாலும் இப்படி சின்னச் சின்ன வேலைதான்.

15/
ஆனா நம்மளைப் பத்தி ரொம்பப் பெருமையாவும் பேசிட முடியாது. ஒரு சங்கடமான கதையையும் சொல்லிடுறேன்.

விலங்குகளுக்கு விழா எடுக்கிறது வெளிநாட்டுப் பழக்கம்னு சில பேர் நினைக்கிறாங்க. மாட்டுப் பொங்கல் வேற என்னவாம்? எங்க தாத்தாகிட்ட ஒரு ஜோடி உம்பளச்சேரி மாடு இருந்தது. நம்ம டெல்டா சேத்துக்குன்னே அமைஞ்ச இனம். கன்னுல செவப்பா பொறந்து, சில மாசத்துல சாம்பல் நிறத்துக்கு மாறும். நெத்தியில வெள்ளை நட்சத்திரம். பொங்கலுக்குக் கொம்புல வண்ணம் அடிச்சு, நெட்டி மாலை போட்டு, பொங்கலோ பொங்கல்னு கத்தி, முதல் வாய்ப் பொங்கலை அதுங்களுக்குத்தான் ஊட்டுவோம்.

16/
அந்த ஜோடியில ஒண்ணுக்கு வயசாச்சு. ஏர்ல பூட்டினா பாதி வயல்லயே படுத்துடும். அந்த வருஷ மாட்டுப் பொங்கலுக்கு மாலையெல்லாம் போட்டோம். அதுக்கு அடுத்த வாரம் தரகர் வந்தார். அடிமாடுன்னா என்னன்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சது.

தாத்தா விலை பேசல. கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காம மடியில செருகிக்கிட்டார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. மறுநாளும் சாப்பிடல.

அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. வைக்கோலுக்கே வழியில்லாத கோடை அது. உழைக்க முடியாத உயிருக்குச் சோறு போடுறதுக்கு அன்பு மட்டும் போதாது, வசதியும் வேணும். இன்னைக்கு அந்த வசதி நம்மள்ல பல பேருக்கு இருக்கு. அதனாலதான் இதை எழுதுறேன்.

17/
சரி, விஷயத்துக்கு வருவோம். உங்க நாய்க்கு என்ன வயசு?

நாயோட 1 வருஷம் மனுஷனோட 7 வருஷம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. அது சரியில்ல. டி.என்.ஏ மேல வயசு கூடக் கூட மாறுற மெத்தில் குறிகள்னு இருக்கு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 104 லேப்ரடார் நாய்கள்ல அந்தக் குறிகளைப் பார்த்து 2020ல வெளியிட்ட கணக்குப்படி, 1 வயசு நாய் கிட்டத்தட்ட 30 வயசு மனுஷன். 4 வயசு நாய்னா 53. 7 வயசுன்னா 62. 12 வயசுன்னா 70ஐத் தாண்டும்.

அதாவது ஆரம்பத்துல வேகமா ஓடி, அப்புறம் நிதானமா நடக்குது வயசு. இது லேப்ரடாரை வெச்சுப் போட்ட கணக்கு. பெரிய உடம்புள்ள இனங்கள் சீக்கிரம் கிழடாகும், சின்ன நாய்களும் பூனைகளும் கூடுதலா இருக்கும். பொதுவா 7 வயசு ஆனதுமே 'என் நாய் சீனியர்'னு மனசுல குறிச்சுக்கங்க.

18/
பிராணிகள் வலியைச் சொல்லாது. பெரும்பாலும் மறைக்கும். அதனால நீங்கதான் பார்க்கணும்:

• படுத்து எழுந்திருக்கத் தடுமாறுதா? படி, கட்டில், சோபாவுல ஏறுறதை நிறுத்திடுச்சா? மூட்டு வலியா இருக்கலாம்.
• ஒரே இடத்தை நக்கிக்கிட்டே இருக்கா?
• வாய் நாத்தம், ஒரு பக்கமா மெல்றது, கடினமானதை ஒதுக்குறது? பல்லைப் பார்க்கணும்.
• தண்ணி வழக்கத்தைவிட அதிகமா குடிக்குதா? சிறுநீரகம், சர்க்கரை நோய் ரெண்டையும் யோசிக்கணும். வயசான பூனைகள்ல சிறுநீரக நோய் ரொம்ப சகஜம்.
• கருத்தடை பண்ணாத பெண் நாய், பருவம் முடிஞ்ச சில வாரத்துல சோர்ந்து, தண்ணியா குடிச்சு, அசுத்தமா கசிவு வந்தா கர்ப்பப்பையில சீழா இருக்கலாம். அன்னைக்கே போகணும். தள்ளிப்போட்டா உயிருக்கு ஆபத்து.

19/
கண்ணுல நீலம் பூத்த மாதிரி தெரிஞ்சா உடனே 'புரை, பார்வை போச்சு'ன்னு முடிவு கட்டாதீங்க. வயசாக ஆக லென்ஸ் இறுகிப்போறதால வர்ற நீல மங்கல் ஒண்ணு இருக்கு. அதுல பார்வை பெரும்பாலும் நல்லாவே இருக்கும். புரையா மங்கலான்னு டாக்டர் பார்த்துச் சொல்லிடுவார்.

ராத்திரி முழிச்சுக்கிட்டு நடமாடுது, பகல்ல தூங்குது, மூலையில போய் சுவத்தைப் பார்த்து நிக்குது, பழகின வீட்டுலயே வழி தெரியாம முழிக்குது, உள்ளயே ஒண்ணுக்குப் போயிடுதுன்னா அடிக்காதீங்க, திட்டாதீங்க. நாய்க்கும் மறதி நோய் வரும். அல்சைமர்ல நம்ம மூளையில சேர்ற அதே வகைப் புரதம் அதுங்க மூளையிலயும் சேருது. நம்ம வீட்டுப் பாட்டிகிட்ட எப்படி நடந்துக்கணுமோ அப்படித்தான் இதுகிட்டயும்: சாமான்களை இடம் மாத்தாதீங்க, ராத்திரி சின்ன வெளிச்சம் வைங்க, தினமும் ஒரே நேரத்துக்குச் சோறு.

20/
ரொம்ப சுலபமா வீட்டுலயே பண்ணக்கூடிய ஒரு பரிசோதனை: நல்லா தூங்கிக்கிட்டு இருக்கும்போது நெஞ்சு ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க. நாய்க்கு அது தொடர்ந்து 30க்கு மேல இருந்தா டாக்டரைப் பாருங்க. இதயமோ நுரையீரலோ கஷ்டப்படுறதோட முதல் அறிகுறியா இருக்கலாம்.

டீச்சரம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். தினம் ராத்திரி எண்ணி, பழைய வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சிருக்காங்க.

21/
பெரிய எச்சரிக்கை ஒண்ணு, ஒரு மனுஷ டாக்டரா இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு: உங்க மாத்திரை டப்பாவுல இருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீங்க.

பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்னுடும். அதை உடைச்சு வெளியேத்துற திறன் பூனையோட கல்லீரலுக்குப் போதாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி ரத்தக் கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். "கால் வலிக்குதேன்னு பாவப்பட்டு என் மாத்திரையில பாதி கொடுத்தேன்"னு என்கிட்டயே வந்து சொன்னவங்க உண்டு. பாவப்பட்டது சரி. கொடுத்ததுதான் தப்பு.

22/
பிறந்த நாள் கொண்டாடுறீங்களா? தாராளமா கொண்டாடுங்க. ஆனா கேக் விஷயத்துல கவனம். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, சர்க்கரைக்குப் பதிலா போடுற சைலிட்டால், வெங்காயம், பூண்டு இதெல்லாம் நாய்க்கு விஷம். அதனால கஜா பக்கத்துல கேசரி கூடப் போகாது, அதுல உலர் திராட்சை இருக்கும். கொழுப்பு வழியிற கறியை மொத்தமா போட்டா கணையம் வீங்கிக்கும். எலும்பு வேண்டாம். பலூன் வெடிக்கிறது, பட்டாசு ரெண்டும் வேண்டாம்.

மசாலா இல்லாம வேக வெச்ச கோழி, முட்டை, பூசணி, கேரட்னு எளிமையா போதும். கேக்கு முன்னாடி உட்கார வெச்சு போட்டோ எடுக்குறது நம்ம ஆசைக்கு. அதுக்குத் தேவை உங்க கை பக்கத்துல இருக்கிறது.

23/
அந்த நாள்ல இன்னும் நாலு வேலை சேர்த்துக்கங்க. இதுதான் இந்த இழையோட சாரம்.

எடை போடுங்க. போன வருஷத்தோட ஒப்பிடுங்க. திடீர்னு குறைஞ்சாலும் கூடினாலும் காரணம் தேடணும்.

வாய், காது, நகம், தோல் கட்டி, எல்லாத்தையும் கையால தடவிப் பாருங்க.

தடுப்பூசி அட்டையைத் திறங்க. ரேபிஸ் ஊசிக்கு வயசு விலக்கு கிடையாது. நம்ம பக்கம் வயல் தண்ணி, எலி ரெண்டும் இருக்கிறதால எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டு நாயே ஆனாலும் கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவிட்டு எங்ககிட்ட வாங்க.

கால்நடை மருத்துவர்கிட்ட ஒரு முழுப் பரிசோதனை. 7 வயசுக்கு மேல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நல்லது. பிறந்த நாளன்னைக்கு ஒண்ணு, அதுக்கு ஆறு மாசம் கழிச்சு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டா மறக்காது.

24/
இனி சொல்லக் கஷ்டமான பகுதி.

ஒருநாள் மருந்தும் உதவாத கட்டம் வரும். காலண்டரை எடுத்து, நல்லா இருந்த நாளுக்கு ஒரு குறி, கஷ்டப்பட்ட நாளுக்கு வேற குறி போடுங்க. சாப்பிடுதா, வலியில்லாமத் தூங்குதா, தானா எழுந்திருக்குதா, உங்களைப் பார்த்தா வால் ஆடுதா? ஒரு மாசத்துல கஷ்டப்பட்ட நாள்தான் அதிகம்னா கால்நடை மருத்துவர்கிட்ட மனசு விட்டுப் பேசுங்க. வேதனையில்லாம விடைகொடுக்க அவங்களால முடியும்.

அந்த முடிவை எடுத்தவங்க "நானே கொன்னுட்டேனோ"ன்னு வருஷக்கணக்கா அழுறதைப் பார்த்திருக்கேன். தாங்க முடியாத வலியை நிறுத்தச் சொன்னது கொலை இல்ல. அப்படி அழுறவங்ககிட்ட "நாய்தானே, வேற வாங்கிக்கலாம்"னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. தூக்கமும் சாப்பாடும் போய் என்கிட்ட வர்ற அளவுக்கு அந்தத் துக்கம் நிஜம்.

25/
இன்னொரு கேள்வியும் இருக்கு. நாய்க்கு முன்னாடி நமக்கு ஏதாவது ஆயிட்டா?

போன வருஷப் பிறந்த நாளப்ப டீச்சரம்மா ஒரு காகிதத்தை என்கிட்ட காட்டினாங்க. அழகான கையெழுத்து. கஜா எப்ப சாப்பிடும், எந்தப் பக்கம் பல்லு இல்ல, இடிச் சத்தம் கேட்டா எந்தக் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும், ஊசி போட்ட தேதிகள், எல்லாம் வரிசையா. கடைசி வரியில, தனக்கு ஏதாவது ஆனா கஜாவைப் பாத்துக்கிறதா ஒப்புக்கிட்டவர்னு எங்க கம்பவுண்டர் தம்பி பேரு. செலவுக்குத் தனியா பணமும் எடுத்து வெச்சிருக்காங்க. பையனுக்கும் ஒரு நகல் அனுப்பியாச்சு.

தனியா இருக்கிற பெரியவங்க எல்லாரும் இப்படி ஒரு காகிதம் எழுதி வைங்க. பெத்தவங்களை விட்டு வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்க, அடுத்த போன்ல "மாத்திரை போட்டியா?"வோட நிறுத்தாம, "நீ ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா நாயை யாரு பாப்பா?"ன்னும் கேளுங்க.

26/
பரிசு என்ன கொண்டு போறேன்னு சொல்லலையே. புது எடை மெஷின். பழசு போன மாசம் உடைஞ்சுபோச்சு.

இதயச் செயலிழப்பு இருக்கிறவங்க தினம் காலையில எடை பார்க்கணும். ரெண்டு மூணு நாள்ல 2 கிலோ கூடினா தண்ணி சேருதுன்னு அர்த்தம், உடனே எங்களைக் கூப்பிடணும். டீச்சரம்மா அதை ஒழுங்கா பண்றாங்க. 2023க்கு அப்புறம் அட்மிஷனே இல்ல.

இன்னைக்கு முதல்ல டீச்சரம்மா மெஷின்ல ஏறுவாங்க. அடுத்து கம்பவுண்டர் தம்பி தனியா ஏறுவான். அப்புறம் கஜாவைத் தூக்கிக்கிட்டு ஏறுவான், கஜா உறுமும். கழிச்சு வர்ற எண்ணைத் தெருப் பிள்ளைங்கள்ல ஒண்ணு சத்தமா சொல்லும், டீச்சரம்மா நோட்டுல எழுதிக்குவாங்க. அதுக்கப்புறம்தான் கோழி.

மணி அஞ்சாகுது. கிளம்புறேன்.

உங்க வீட்டு வயசான உயிருக்கு இன்னைக்கே ஒரு தேதி வைங்க. அன்னைக்கு அதைக் கையால தடவிப் பாருங்க.


பொது மருத்துவர், மன்னார்குடி